உதிரும் முடி எங்கே போகும்?

பட்டம் கைக்கு வந்த வாரம், சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் நகலெடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. அதனால் அந்தத் தாள்களை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. தலையில் வழுவழுப்பான நீலத் துணி கட்டியிருந்தார். நகலோடு சான்றிதழுக்கு லேமினேஷனும் போட்டுத் தரச் சொன்னேன்.

"ஒரிஜினலுக்கா? வேணாம் தம்பி. லேமினேஷன் போட்டா நாளைக்கு எந்த ஆபீஸ்லயும் அதுமேல சீல் குத்த மாட்டாங்க. நீங்க காபந்து பண்றதப் பாத்தா, காத்து பட்டாலே சளி புடிக்கும் போலிருக்கு. உறையிலயே இருக்கட்டும்."

வரிசையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தால் ஒரு தாள் கூடுதலாக இருந்தது. சாம்பல் தட்டிய கறுப்புப் பின்னணி, அதன் நடுவே சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டங்களுக்கு இடையே வெள்ளைக் கோடுகள். வயலும் வரப்பும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது யாருடைய நிலத்து வரைபடமோ என்றுதான் பட்டது. மறுநாள் காலையில் கடை திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, யாரோட நிலத்துப் படமோ என் தாளோட வந்துருச்சு. தேடிட்டு இருக்கப் போறாங்க."

வாங்கிப் பார்த்தவரின் முகத்தில் இரத்தமே இல்லை. கவுன்டருக்குக் கீழே தாளைச் செருகினார்.

"நிலம் இல்ல தம்பி. என் தலை."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு அந்தக் கடை வாசலையே தேய்த்தவன் நான். அக்கா சொன்னதும், அவர் கணவர் இடையில் புகுந்து திருத்தியதுமாகச் சேர்ந்த கதை இது.

அக்காவுக்கு நாற்பது வயதில் மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். அதன்பின் ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். கட்டி என்று சொன்ன அன்றும் அவர் அழவில்லை, அறுவை முடிந்து கண் திறந்த அன்றும் அழவில்லை. முதல் மருந்து ஏறிய பதினேழாம் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று சீப்பைத் தலையில் வைத்தார். சீப்பு உள்ளே போனது. வெளியே வந்தபோது ஒரு கொத்து முடியும் கூடவே வந்தது. இழுபடவில்லை. சுருக்கென்றுகூட இல்லை. ஈர மணலில் சும்மா குத்தி வைத்த குச்சியை எடுப்பதுபோல் வந்துவிட்டது. வலிச்சிருந்தா தாங்கியிருப்பேன் தம்பி, வலிக்காம வந்ததத்தான் இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியல என்பார்.

சிகிச்சை முடிந்து முடி திரும்ப முளைத்தது. முன்பு நேர்முடி, இப்போது சுருட்டை. அதைக் குட்டையாகவே வெட்டி வைத்திருந்தார். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உதிர்ந்தது மருந்தால், நோயால் அல்ல, இனி நாலு முடி உதிர்ந்தால் அது எல்லார் தலையிலும் உதிர்வதுதான். அக்காவுக்கு இது புரியாமல் இல்லை. ஆனாலும் தினமும் எண்ணினார். சீவி முடித்ததும் சீப்பில் தங்கிய முடியை ஒவ்வொன்றாக உருவி வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்ப்பார். பத்து என்றால் காலைச் சாப்பாடு இறங்கும். இருபது என்றால் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடி வேலை பார்க்கிற ஆள்.

"ஏம்மா, அந்தரத்துல தொங்குற எனக்கே பயம் இல்ல. ஒரு சீப்பப் பாத்து இப்படி வெலவெலத்துப் போறியே!"

"உங்களுக்கு இடுப்புல கயிறு இருக்குங்க" என்றார் அக்கா.

மெக்கானிக் அதற்குமேல் கேலி பேசவில்லை. வீட்டிலிருந்த சீப்புகளையெல்லாம் பொறுக்கித் தன் கருவிப் பெட்டிக்குள் ஸ்பானரோடு போட்டுப் பூட்டினார். அக்கா அடுத்த தெருவுக்குப் போய்ப் புதுச் சீப்பு வாங்கி வந்தார். சீவினாலும் பயம், சீவாமல் விட்டாலும் பயம்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. சாமியார்களுக்கு இருப்பதுபோல் இடுப்புவரை கயிறு கயிறாகச் சடைமுடி. அதில் இரண்டு சடைகளில் செம்பு வளையம். சாதாரண முடியை இப்படிச் சடையாக்கிவிடுவதுதான் தொழில் என்றும், கையில் எப்போதும் கொக்கி ஊசி இருப்பதால் எல்லாரும் தன்னைக் 'கொக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னாள். தன் தொழில் விளம்பரத்தை நூறு பிரதி எடுக்க வந்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இதை எப்படிச் சீவுவே?"

"நான் சீப்பு மொகத்துல முழிச்சு ஆறு வருஷம் ஆச்சுக்கா."

"அப்போ உதிர்ற முடி?"

"அது எங்க போகும்? உள்ளயே மாட்டிக்கிட்டுக் கெடக்கும். விருந்துக்கு வந்துட்டு ஊருக்குக் கெளம்பாத மச்சான் மாதிரி. ஒண்ணுகூடக் கீழ விழாது."

அக்கா மெஷினை நிறுத்தினார்.

"ஒண்ணுகூடவா?"

"தலையணையில கூடப் பாக்க முடியாதுக்கா."

அன்றைக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மெக்கானிக் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்.

"எந்தக் காட்டுக்குத் தவம் பண்ணக் கெளம்பிட்டே? ஒலகத்துல எல்லாரும் சிக்கெடுக்கக் கடைக்குப் போறான். என் பொண்டாட்டி மட்டும் சிக்குப் போட்டுக்கப் போறாளாம்!"

"சீப்பு வேண்டாங்க இனிமே."

அவ்வளவுதான் சொன்னார். மெக்கானிக் உட்கார்ந்துகொண்டார். "சரி, போட்டுக்க. ஆனா என்னை மிரட்டாதே. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா யாரோன்னு கத்திருவேன்" என்றார்.

கொக்கியின் அறை ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது. ஒரு முக்காலி, ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலோரம் தலைக்குமேல் கவிழ்க்கிற டிரையர். வேலை இரண்டு நாள் நடந்தது. வால் சீப்பின் நுனியால் வகிடு பிரித்துத் தலை முழுக்கச் சின்னக் கட்டங்கள் போட்டாள். செங்கல் அடுக்கியதுபோல் மேல்வரிசையின் நடுவே கீழ்வரிசையின் வகிடு வந்தது. ஒவ்வொரு கட்டத்து முடியையும் பிடித்து, நுனியிலிருந்து வேரை நோக்கித் தலைகீழாகச் சீவிச் சிக்காக்கினாள். பிறகு அந்தச் சிக்குக்குள் கொக்கி ஊசியை விட்டு, வெளியே நின்ற பிசிறுகளை உள்ளே இழுத்தாள். கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திரி உருட்டுவதுபோல் உருட்டினாள். ஊசி உள்ளே போய் வரும் கரக் கரக் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. வலிக்கிறதா என்று அவள் கேட்கும்போதெல்லாம் அக்கா இல்லை என்றார். கொஞ்சம் வலித்தது, அந்த வலி அவருக்குப் பிடித்திருந்தது.

மொத்தம் அறுபத்தொரு சடை. விரல் நீளத்தில் விறைத்துக்கொண்டு நாலா பக்கமும் நின்றன. அக்கா கண்ணாடியைப் பார்த்து, "முள்ளம்பன்றி தோத்துச்சு போ" என்றார். மூன்று வருஷத்தில் கண்ணாடி முன் அவர் சிரித்தது அன்றுதான்.

"இப்ப சொல்றத நல்லாக் கேட்டுக்கோங்கக்கா" என்றாள் கொக்கி, ஊசியைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு வாரம் தண்ணி காட்டாதீங்க. அப்புறம் வாரம் ஒரு தடவ, நுரை தலைத்தோல்ல மட்டும். சடையத் தேய்க்கக் கூடாது, பிழிஞ்சு விடுங்க. ஈரத்தோட துணி கட்டுனீங்கன்னா உள்ள பூஞ்சை புடிச்சு, மூலையில மறந்துபோன கரித்துணி மாதிரி நாத்தம் வந்துரும். அப்புறம் கத்திரிதான். மெழுகு, பசைன்னு யாராவது குடுத்தா வாங்கி அவங்க தலையிலயே தடவிருங்க. காஞ்சதும் பக்கத்துப் பக்கத்துச் சடை வேர்ல ஒட்டியிருந்தா மெல்லப் பிரிச்சு விடுங்க. பிசிறு நிக்கும். பேன் பாக்குற மாதிரி அதையே பாத்துட்டு உக்காராதீங்க. புதுச் சடை அடங்க ஒரு வருஷம் ஆகும். அப்புறம் முக்கியமானது. வேரை நீங்க முறுக்கவே கூடாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க, அது என் வேலை."

படுக்கும்போது கட்டிக்கொள்ள அந்த நீலத் துணியைக் கொடுத்து அனுப்பினாள்; அக்கா அதைக் கடையிலும் கட்டிக்கொண்டார்.

முதல் மூன்று வாரம் அக்கா சொர்க்கத்தில் இருந்தார். காலையில் எழுந்தால் தலையணை சுத்தம். குளியலறைச் சல்லடை சுத்தம். தோளில் ஒரு முடி இல்லை. மெக்கானிக்கிடம், "உங்க ஸ்பானருக்கெல்லாம் சீவி விடுங்க" என்று கேலிகூடச் செய்தார்.

நாலாவது வாரம் ஒரு மதியம், மெஷின் திடீரென்று நின்றது. வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை. தாள் தட்டில் தாள் இருந்தது, கண்ணாடி சுத்தமாக இருந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால், உள்ளே உருளைகளுக்கு நடுவில் ஏழெட்டுத் தாள் கசங்கி அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் கை பாதியில் நின்றது.

விழுகிற முடி உள்ளேயே கிடக்கும் என்றாளே. அப்படியென்றால் விழுவது எனக்கு எப்படித் தெரியும்?

பத்து விழுகிறதா, இருநூறு விழுகிறதா? மறுபடி கொத்துக் கொத்தாகக் கழன்றாலும், அது சடைக்குள்ளேயே கிடக்கும். தலையணை சுத்தமாகவே இருக்கும். சீப்பாவது மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். இது வாயைத் திறக்காது. விலை கொடுத்து வாங்கிய நிம்மதிக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. அன்று மாலை வரை கடைக்கு வந்தவர்களுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றி மாற்றி நகலெடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கடை ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். மெஷின் மூடியைத் திறந்தார். துணியை அவிழ்த்தார். குனிந்து, உச்சந்தலையைக் கண்ணாடிமேல் வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையால் துழாவிப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். தலைக்கடியில் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சூடாக ஊர்ந்து போனது. வந்த தாளில் கட்டம் கட்டமாக வேர்களும் நடுவில் வெள்ளை வகிடுகளும் இருந்தன. பின்னால் தேதி எழுதிக் கோப்பில் வைத்தார். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் எல்லாம் ஒரே மாதிரி எடுத்திருக்க வேண்டும் என்று, கறுப்பு அளவை நடுப் புள்ளியிலிருந்து நகர்த்தவே இல்லை. அதில் அவருக்கு ஒரு நேர்மை.

ஐந்தாவது தாளில் வகிடு அகலமாகத் தெரிந்தது.

ஸ்கேலை வைத்து அளந்தார். ஆறாவதில் இன்னும் ஒரு நூல் அகலம். ஏழாவதில் வேரின் ஓரமெல்லாம் கரைந்து சாம்பலாகியிருந்தது. அதற்குள் அவருடைய விரல்களுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர் தாளைத் தேடும் இடைவெளியில், மெஷின் சூடேறும் இடைவெளியில், வலது கை துணிக்குள் நுழையும். முன்நெற்றிச் சடையின் வேரைப் பிடிக்கும். உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும். இழுத்தபின் ஒரு முறுக்கு. முறுக்கினால் சுருக்கென்று வலிக்கும்; வலித்தால் வேர் இருக்கிறது என்று அர்த்தம். கொக்கி சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது அந்தச் சுருக் அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டு மாதம் ஆனதும் கொக்கியிடம் போகவேண்டிய நாள் வந்தது. கூட்டம் அதிகம் என்று சாக்குச் சொல்லிப் போகவில்லை.

அவர் போகாத இடம் இன்னொன்றும் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைச் சோதனைக்கு வரச் சொல்லி அட்டை கொடுத்திருந்தார்கள். சடை போடுவதற்கு முன்பே ஒரு தவணையைத் தட்டிக் கழித்திருந்தார். மெக்கானிக் கேட்டபோது, "போயிட்டு வந்துட்டேங்க, எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் சொன்ன முதல் பொய். இப்போது இரண்டாவது தவணையும் தாண்டியிருந்தது. தாளில் வகிடு அகலமாக அகலமாக, மருத்துவமனை இருக்கும் தெருப் பக்கமே அவர் பஸ் ஏறுவதில்லை.

பத்தாவது தாள்தான் என் மதிப்பெண் பட்டியலோடு கலந்து வந்தது.

தாள் எடுக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் வாரம், விடுமுறை நாள் காலையில் குளித்துக்கொண்டிருந்தார். நுரையை அலசிவிட்டு முன்பக்கச் சடைகளைப் பிழிந்தார். பிழிந்த கை கீழே வந்தபோது உள்ளங்கையில் ஒரு சடை இருந்தது. முழுச் சடை. கட்டைவிரல் பருமன், நுனியிலிருந்து வேர்வரை. அக்கா அசையாமல் நின்றார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வலிக்கவே இல்லை.

வெளியே மெக்கானிக் கதவைத் தட்டினார்.

"என்ன, உள்ளயே குடித்தனம் பண்றியா? டேங்க் காலியாயிரும்!"

"வர்றேங்க" என்றார். குழாயை மூடினார்.

அந்தச் சடையைக் காய வைத்து ஒரு கடித உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், கோப்பில் ஒளித்து வைத்திருந்த சோதனை அட்டையோடு வைத்தார். மூன்று நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாலாம் நாள் மெக்கானிக் தன் அடையாள அட்டையை நகலெடுக்கக் கடைக்கு வந்தார். அக்கா பின்னால் தாள் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டேப்ளர் தேடிக் கவுன்டருக்குக் கீழே கை விட்டவருக்குக் கோப்பு கிடைத்தது.

அக்கா திரும்பியபோது பன்னிரண்டு தாளும் கவுன்டர்மேல் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் அந்தச் சடை. அதன் பக்கத்தில் சோதனை அட்டை.

"இது என்ன?" என்றார் மெக்கானிக்.

அக்கா ஷட்டரை இறக்கினார். சொல்ல ஆரம்பித்தார். முடி உள்ளே விழுந்துகொண்டே இருக்கிறது, வெளியே தெரியாது, ஆனால் தாளில் தெரிகிறது, வாராவாரம் வெளுத்துக்கொண்டே போகிறது, அந்த நோய் திரும்ப வந்துவிட்டது. "எனக்குத் தெரியுங்க. வந்துருச்சு. நான் பாத்துட்டேன்."

மெக்கானிக் முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்துக் குழல்விளக்குக்குக் கீழே பிடித்தார். வயரையும் ரிலேயையும் பார்க்கிற கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா. மூடியத் தொறந்து வச்சா, தலைய சுத்தி என்ன கலர்ல வரும்?"

"கறுப்பா."

"இது கறுப்பு. இது?"

அக்கா பார்த்தார். கடைசித் தாளில் தலையைச் சுற்றியிருந்த இடமும் சாம்பலாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வாரமாக வகிட்டை மட்டுமே ஸ்கேல் வைத்து அளந்தவர், தாளின் ஓரத்தைப் பார்க்கவே இல்லை.

"முடி கொட்டும். சரி. இருட்டு கொட்டுமா? மெஷின்ல மை ஏத்துற ட்ரம் தேஞ்சு போச்சும்மா! மாத்த ஆள் வரலைன்னு மூணு மாசமா நீதானே பொலம்புறே?"

அது உண்மை. வாடிக்கையாளர் நகல் மங்கினால் கை தானாகவே கறுப்பு அளவை இரண்டு புள்ளி ஏற்றிவிடும். தன் தலைக்கு மட்டும் நேர்மையாக நடுப் புள்ளியிலேயே எடுத்திருந்தார். பதினெட்டு வருஷமாக நகலெடுக்கிறவர். புதிதாகச் சேர்ந்த ஆள்கூட முதல் வாரத்தில் கண்டுபிடிக்கிற கோளாறு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. சடையை எடுத்து நீட்டினார்.

"அப்போ இது?"

மெக்கானிக் சடையை வாங்கிக் கவுன்டரில் வைத்தார். அட்டையை எடுத்தார். கடைசி இரண்டு தவணைக்கு நேரே எதுவும் எழுதியிருக்கவில்லை. "நல்லா இருக்காம்னு சொன்னியே" என்றார். கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பார். அவர் அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் கொக்கியின் அறைக்குப் போனார்கள். கொக்கி துணியை அவிழ்த்தாள். விளக்கை இழுத்து, முன்நெற்றியை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். வேரடியில் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள். இன்னும் மூன்று சடை நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நான் இறுக்கிப் போட்டுட்டேனாக்கா?" அவள் முகம் வெளுத்திருந்தது. "சொல்லுங்க. என் கையா?"

"உன் கை இல்லம்மா" என்றார் அக்கா. வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இது."

கொக்கி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கட்டிவச்ச மாட்டைக் கூட இந்த இழுப்பு இழுக்க மாட்டாங்கக்கா" என்றாள். பின்பக்கச் சடைகளைக் காட்டி, அக்காவின் கை போகாத இடமெல்லாம் திடமாக இருப்பதை மெக்கானிக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். விழுந்த சடையின் இடத்தில் விரலை வைத்து அக்காவையும் தடவச் சொன்னாள். சொரசொரவென்று இருந்தது, அறுந்த முடியின் அடிக்கட்டைகள். ஒரே ஒரு இடம், சட்டைப் பொத்தான் அளவு, வழவழவென்று இருந்தது. அந்த இடத்தைப் பற்றி அவள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

"முடிக்கு நான் பதில் சொல்றேன். மத்ததுக்கு நான் சொல்ல முடியாதுக்கா. டாக்டர்கிட்ட போங்க. போயிட்டு வராம நான் தலையத் தொட மாட்டேன்."

மறுநாளே போனார்கள். காத்திருப்பு அறையில் வரிசை நாற்காலிகள், சுவரில் எண் காட்டும் பலகை. எதிரே தொப்பி போட்ட ஒரு பெண், அக்காவின் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வச்சதாங்க, சொந்த முடியா?"

"சொந்தம்தான்."

"மருந்துக்கு அப்புறம் முளைச்சதா?"

"ஆமா."

அந்தப் பெண் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அக்காவின் வலது கை துணியை நோக்கிப் போனது. மெக்கானிக் அதைப் பிடித்து இறக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

ஸ்கேனில் பழைய தழும்புக்கு அடியில் ஒரு நிழல் தெரிந்தது. தழும்பாகவே இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளைப் பற்றிக் கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவார். மெக்கானிக் சொன்னது இது: அக்கா கடையைத் திறந்தார், கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் புத்தகங்களுக்கு ஸ்பைரல் போடும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார், இரண்டு கைக்கும் வேலை இருக்கும் என்பதால். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். மெக்கானிக்கும் அந்த வாரம் குழிக்குள் இறங்கவில்லை. மேலே நின்று மற்றவர்களை இறக்கினார். "எனக்கும் பயம் வந்துருச்சு தம்பி. இதை அவகிட்ட சொல்லிராதீங்க" என்றார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் டாக்டர் தாளைப் படித்துவிட்டு, தழும்பு இறுகியதுதான், நோய் இல்லை என்றார். அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கி, எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்தார். பிறகு, "இது மங்கலா இருக்கே, நல்லாத்தானே பாத்தீங்க?" என்று டாக்டரிடம் கேட்டார். மெக்கானிக் வெட்கத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

கொக்கி தொங்கிக்கொண்டிருந்த மூன்று சடையையும் எடுத்துவிட்டாள். மற்ற முன்பக்கச் சடைகளின் முறுக்கைத் தளர்த்த ஒரு முழு நாள் ஆனது. நான்கு மாதம் வேர்ப் பக்கம் யார் கையும் போகக் கூடாது என்றாள், தன் கை உட்பட.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அதே கடையில் இருக்கிறார். தலையில் ஐம்பத்தேழு சடைகள். அடங்கித் தோளைத் தொடுகின்றன. முன்நெற்றியில் அறுந்த இடங்களில் முடி வளர்ந்துவிட்டது. பொத்தான் அளவு இடத்தில் வளரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொக்கியிடமும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்கும் போகிறார். மருத்துவமனைக்கு மெக்கானிக் கூடப் போகிறார். அடுத்த சோதனை வருகிற பதினாறாம் தேதி. இந்த வாரம் முழுக்க அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.